பழைய எண் பதினான்கு

1

விதி ஏழு, உட்பிரிவு (இ): சோதனைக் கோப்பில் உயிரோடிருக்கும் எந்த மனிதரின் பெயரோ முகவரியோ இடம்பெறக் கூடாது.

கனடாவின் சமவெளி நகரம் ஒன்றில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கணினிப் பிரிவில், நடைமுறைக் கையேட்டின் இருபத்தோராம் பக்கத்தில் இந்த விதி இருக்கிறது. ஊரின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. அங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள். விதியின் வாசகத்தில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் சொல்லிவிடுகிறேன்: அதை எழுதியவன் நான். மீறியவனும் நான்தான்.

சென்ற வாரம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் தபாலில் வந்தது. சோதனையாளர்களை அவர்களுடைய வேலையில் ஊக்குவிப்பது எது என்று கேட்டிருந்தார்கள். கீழே ஆறு கட்டங்கள். சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரியின் பாராட்டு, சக ஊழியர்களின் தோழமை, வேலையிலுள்ள சவால். ஆறாவது, 'மற்றவை, விளக்குக'. விளக்குவதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பதினான்கு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

ஓய்வு பெற்றவனுக்கு இந்தப் படிவம் வந்திருக்கக் கூடாது. பணியிலிருந்து விலகியவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கப் படிவம் ஒன்பது இருக்கிறது. அதை யாரோ நிரப்பவில்லை. வேலையில் இருந்த காலமாக இருந்தால் அன்று மாலைக்குள் பிழை அறிக்கை எழுதியிருப்பேன். இப்போது எழுதவில்லை. அந்த வாரம் என் பெயருக்கு வந்த தபால் அது ஒன்றுதான்.

படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மேஜைக்கு நாலு நாற்காலி. மூன்றின்மேல் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கின்றன.

2

நான் இங்கே வந்தது 1972 ஆகஸ்டில். வந்தது நான் என்று சொல்வதே தவறு. வந்தது என் மனைவி சரோஜா. அவள் நர்ஸ். இந்த நாட்டுக்கு நர்ஸ்கள் தேவைப்பட்டார்கள். நர்ஸ்களின் கணவர்களை அவர்கள் கேட்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. என் விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று ஒரு முத்திரை குத்தினார்கள். பத்தொன்பது வருடம் அரசாங்கக் கோப்புகளில் முத்திரை குத்தியவன் மேல் விழுந்த முதல் முத்திரை அது. சற்றுக் கோணலாக விழுந்திருந்தது.

குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். முன்னெழுத்து 'மு' என்றேன். அதை விரிக்கச் சொன்னார்கள். முனுசாமி என்றேன். அன்றிலிருந்து என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். 'மிஸ்டர் முனு, காபி?' என்று யாராவது கேட்டால் முதல் இரண்டு வருடம் எழுந்து நிற்கத் தோன்றும். ஏகாம்பரம் என்று முழுசாகச் சொல்ல சரோஜாவும் அவ்வப்போது எங்கள் மகளும்தான் இருந்தார்கள். மகள் மல்லிகா பள்ளிக்கூடத்தில் மாலி ஆனாள். வீட்டுக்கு வந்தும் மாலியாகவே இருந்தாள்.

நாலு வருடம் அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் கோப்பு அடுக்கினேன். கணினி வந்தபோது, அது அச்சடித்துத் தந்த பட்டியலையும் என் பதிவேட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசங்களை எழுதி மேலே அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. பழக்கதோஷம். மூன்றாவது மாதம் என்னை மாடிக்குக் கூப்பிட்டு, இதையே முழுநேர வேலையாகச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள்.

புரோகிராம் எழுதுகிறவர் எழுதி முடித்ததும் அது என்னிடம் வரும். அது எங்கே தடுக்கி விழும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்காகப் பொய்யாகச் சில நோயாளிகளைத் தயார் செய்வேன். அந்தப் பட்டியல்தான் சோதனைக் கோப்பு. அந்தப் பொய் நோயாளிகளுக்கு புரோகிராம் சரியாக நாள் குறிக்கிறதா, சரியாகக் கடிதம் எழுதுகிறதா என்று பார்ப்பேன். பிழை இருந்தால் அறிக்கை. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இந்த 'ஒன்றுமில்லை'தான் இந்த வேலையின் விசேஷம். இன்று எதுவும் தவறாகப் போகவில்லை என்று சொல்வதற்காக யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை.

ஊரிலிருக்கும் தம்பிக்கு இதை விளக்கி எழுதினேன். அடுத்தவன் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று. அவன் பதில் போட்டான்: 'அந்த வேலையை நீ இங்கயே செஞ்சினுதானே இருந்தே. அதுக்கா பிளேன் ஏறி அவ்ளோ தூரம் போனே?'

3

ஆனால் இந்த வேலையை நான் கற்றது கனடாவில் இல்லை. ஊரில் அரசாங்க அலுவலகத்திலும் இல்லை. திருவண்ணாமலையில், தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கரீம் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில்.

கரீமும் நானும் ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சு. அவன் அப்பாவின் கடைக்கு அவன் வந்தான். நான் பரீட்சை எழுதி ஓர் அலுவலகத்தின் உரிமப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகம் முடிந்ததும் அவன் கடையில் போய் உட்கார்ந்து இரண்டு டீ குடிப்பது பதினைந்து வருடப் பழக்கம். கடை வாசலில் ஒரு நீளப் பெஞ்சு. உள்ளே சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையை இறக்கிவிட்டு வரும் விவசாயிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவர் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். கரீம் கண்ணாடி வில்லைகளைக் கீழே வைத்தான். எழுந்து போய்ப் பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினான்.

"இப்ப படிங்க பெரியவரே."

"இன்னா பாய், தலைகீழா மாட்டிக்கினு படிக்கச் சொல்றீங்க?"

"நேரா இருந்தப்ப மட்டும் படிச்சீங்களா? பெஞ்சில குந்திக்கினு முன்னாடி ரெண்டு பேரு படிச்சதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டீங்க."

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தப்பாச் சொன்னா நல்லா இருக்காதேன்னு..."

"பாஸ் பண்ணவா வந்தீங்க? கண்ணாடி வாங்க வந்தீங்க. எது தெரியலையோ அதைச் சொன்னாத்தானே நான் எதுனா பண்ண முடியும்?"

அவர் போன பிறகு என்னிடம் சொன்னான்: "தெரியுதான்னு கேட்டா எல்லாருமே தெரியுதுன்னுதான்டா சொல்வான். மரியாதைக்கு. எது தெரியலைன்னு கேக்கணும்."

பிற்காலத்தில் புரோகிராமர்கள் என் மேஜைக்கு வந்து, தாங்களே தேர்ந்தெடுத்த நோயாளியை வைத்து, தாங்களே பழக்கிவைத்த வழியில் ஓட்டிக் காட்டி, 'பாருங்கள், வேலை செய்கிறது' என்பார்கள். நான் எழுந்து பலகையைத் திருப்பி மாட்டுவேன். அவ்வளவுதான் என் வித்தை.

4

அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவனுக்கே நான் செய்ததை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது அரைகுறை அறிக்கையாகிவிடும்.

1971 கார்த்திகை. கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம். அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர்த் தெருக்களுக்கெல்லாம் கதவு எண்ணை மாற்றியிருந்தார்கள். கரீமின் கடை பழைய எண் பதினான்கு. புதிய எண் முப்பத்தேழு. விண்ணப்பத்தில் அவன் முப்பத்தேழு என்று எழுதியிருந்தான். வரிப் பதிவேட்டில் பதினான்கு என்றே இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பத்தைக் குறிப்புடன் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் விதி. பக்கத்தில் 'பழைய எண் 14' என்று அவன் எழுதியிருந்தால் போதும். ஒரு நிமிட வேலை.

திங்கட்கிழமை காலை அந்த விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. மதியம் குறிப்பு எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். மாலை வழக்கம்போல் அவன் கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன்.

அலுவலகத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் போகக்கூடிய கடைக்குக் கடிதம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. கடைசி நாள் புதன்கிழமை. கெடு தாண்டிய கடையைப் பூட்டி சீல் வைப்பது வேறு பிரிவின் வேலை. அவர்களும் விதிப்படிதான் செய்தார்கள். புது விண்ணப்பம், புது ஆய்வு என்று நாற்பது நாள் ஆயிற்று. அதற்குள் தீபம் வந்து போய்விட்டது. ஊரே கொள்ளாத கூட்டம். சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் வருடத்தில் ஒருமுறை டவுனுக்கு வந்து, சாமி கும்பிட்டு, கண்ணாடியும் வாங்கிக்கொண்டு போகும் அந்தப் பத்து நாளும் கரீம் பூட்டிய கடைக்கு எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் 'பத்து நாள் கழிச்சு வாங்க' என்று கைகாட்டிக்கொண்டிருந்தான்.

சீல் வைத்த அன்று நான் போனேன். அவன் கையில் என் குறிப்பு இருந்தது.

"ஏகா, இதுல இன்னா தப்புடா?"

"கதவு எண் ஒத்துப்போகலை."

"அது எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை சாயந்திரம் நீ எங்க இருந்தே?"

அவனே சொன்னான்.

"என் கடையில. ரெண்டு டீ குடிச்சே. வடை சூடா இல்லைன்னு டீக்கடைக்காரனைத் திட்டினே. 'டேய் கரீம், நம்பரை மாத்தி எழுதுடா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்?"

"கோப்பு நடவடிக்கையில இருக்கறப்ப வெளியாளுக்குச் சொல்லக் கூடாது."

அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பையைத் தட்டிச் சரிசெய்துகொண்டான்.

"வெளியாளு. சரிங்க சார்."

அத்தனை வருடத்தில் அவன் என்னைச் சார் என்று கூப்பிட்டது அன்றுதான். வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் நடந்ததைச் சொல்லி, விதியையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "ரூல்ல தப்பே இல்லீங்க," என்றாள். சாதம் போட்டாள்.

கடை திறந்த பிறகு ஒருநாள் எங்கள் அலுவலகப் பியூன் வந்து நின்றார். சண்டைக்கு முன்பே நான் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்தேன். "உங்க கண்ணாடி ரெடியாம் சார். நீங்களே வந்து போட்டுப் பாத்துதான் வாங்கிக்கணுமாம். ஆள் அனுப்பினா குடுக்க மாட்டாராம்."

நான் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் போயிற்று. பழைய கண்ணாடியோடு விமானம் ஏறினேன்.

இங்கிருந்து மூன்று கடிதம் எழுதினேன். 73-இல், 75-இல், 78-இல். மூன்றிலும் புதிய எண் முப்பத்தேழு என்று சரியாக முகவரி எழுதினேன். பதில் இல்லை.

5

1982-இல் சரோஜா போய்விட்டாள். அதே ஆஸ்பத்திரியில், அவள் வேலை பார்த்த அதே மாடியில். மூன்றாவது வாரம் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை மருத்துவரைப் பார்க்க உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தோம், நீங்கள் வரவில்லை, பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று.

அந்தக் கடிதத்தை அச்சடித்த புரோகிராமைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்று இரவு முழுதும் விழித்திருந்தேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். என் சோதனைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நோயாளிகள். 'சோதனை ஒன்று', 'சோதனை இரண்டு' என்று நாற்பது வரை பெயர். விதி ஏழு (இ)-யை வரிவரியாகப் பின்பற்றிய கோப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதனை ஒன்றுக்கு வயது ஏறாது. சோதனை இரண்டு வீடு மாற்றாது. சோதனை மூன்று சாகாது. ஆளே இல்லாத பெயர்களை வைத்துக்கொண்டு, ஆட்களுக்கு என்னென்ன நேரும் என்று யோசிக்க எனக்கு வரவில்லை.

அந்த வாரம் நாற்பது பெயர்களையும் அழித்துவிட்டு ஊர் ஆட்களைப் போட்டேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்தவரின் இரட்டைப் பிள்ளைகள், தொண்ணூறு தாண்டியும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றும் எதிர்வீட்டு அம்மாள். ஒவ்வொருவரையும் நினைத்ததும் பிழைகள் தாமாகவே வந்து நின்றன. அந்த அம்மாளுக்குப் பிறந்த தேதி தெரியாது. தேதியில்லாவிட்டால் புரோகிராம் என்ன செய்யும்? இரட்டையர்களுக்கு ஒரே முகவரி, ஒரே பிறந்த நாள். இரண்டு கடிதம் போகுமா, ஒன்றா? ஒரே மாதத்தில் இருபத்து மூன்று பிழை அறிக்கைகள். மேலதிகாரி மார்கரெட் என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பிழை பிடிக்கத்தான் அந்தப் பெயர்கள் என்று விளக்கம் சொல்லலாம், அதுவே முழு உண்மையில்லை. காலையில் ஒன்பது மணிக்கு அந்தத் திரையைத் திறந்தால் தெரிந்த பெயர்களாக நாற்பது வரும். இந்த ஊரில் எனக்கு வேறெங்கும் அப்படி வராது. அவர்களுக்குக் காய்ச்சல் வரவைத்தேன், படுக்கை ஒதுக்கினேன், குணமாக்கி வீட்டுக்கு அனுப்பினேன். நாற்பதாவதாக இறந்துபோனவர் ஒருவர் வேண்டியிருந்தது; இறந்தவருக்குக் கடிதம் போகிறதா என்று பார்க்க. அங்கே ஊர்க்காரர் யாரையும் போட மனம் வரவில்லை. 'மு. ஏகாம்பரம்' என்று என் பெயரைப் போட்டேன்.

முப்பத்தோராவது ஆள் அப்துல் கரீம். கண் பிரிவு நோயாளி. அவன் சிரிப்பான் என்று நினைத்துத்தான் கண் பிரிவில் போட்டேன்.

6

மற்ற எல்லாருக்கும் ஆஸ்பத்திரியின் முகவரியையே கொடுத்திருந்தேன். வெளிநாட்டு முகவரியை புரோகிராம் தாங்குகிறதா என்று பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. கரீமுக்கு மட்டும் முழு முகவரி. யோசிக்காமல்தான் தட்டினேன். கை தானாகத் தட்டியது பழைய எண் பதினான்கு.

அச்சிட்டுப் பார்த்தால், ஊர்ப் பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் திருவண்ணாமலைக்குப் பதினான்கு. கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்பட்டு, மலையில் பாதிதான் மிஞ்சியிருந்தது. பிழை அறிக்கை எழுதினேன். புரோகிராமர் டக் என் மேஜைக்கு வந்தான். இருபத்தாறு வயது, கெட்டிக்காரன்.

"மிஸ்டர் முனு, இப்படி நீளமான பெயருள்ள ஊரிலிருந்து யார் இந்த ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறார்கள்?"

"நான் வந்திருக்கிறேனே."

அவன் காது சிவந்துவிட்டது. மறுநாள் அந்த இடத்தை முப்பது எழுத்தாக நீட்டித் தந்தான். பிழை மூடப்பட்டது என்று நானும் கையெழுத்திட்டேன். அதன் பலன் பின்னால் தெரிந்தது.

7

1984 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, கணினி அறையில் உண்மை நோயாளிகளின் விவரம் பதிந்த டேப்புக்குப் பதிலாக என் சோதனை டேப்பை மாட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே நிறம். அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு 'வராதவர்களுக்கு' நினைவூட்டுக் கடிதங்கள் அச்சாகி, உறையிலிடப்பட்டு, தபாலுக்குப் போயின.

முப்பத்தெட்டுக் கடிதங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தன. நாற்பதாவது ஆளுக்குக் கடிதம் போகவில்லை. அந்தப் பகுதியைச் செம்மையாகச் சோதித்திருந்தேன். மீதி ஒன்று. தபால் பதிவேட்டில் வெளிநாடு என்று ஒரு வரி.

மார்கரெட் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "இந்த முப்பத்தோராம் எண் ஆள் உண்மையானவரா?"

"ஆமாம்."

"உயிரோடிருக்கிறாரா?"

"தெரியாது," என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது.

"அவர் புகார் கொடுப்பாரா?"

"கொடுத்தால் நல்லது."

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விதி ஏழு (இ)-யை மீறியதற்காக எனக்கு ஒரு கண்டனக் குறிப்பு தர வேண்டியதாயிற்று. அதன் படிவம் அந்தப் பிரிவில் யாருக்கும் தெரியவில்லை. நானே வரைந்து கொடுத்தேன். மார்கரெட் கையெழுத்திட்டார். நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

வெளியிலிருந்து வரும் எந்தப் புகாரும் கீழ்த்தளத்திலுள்ள புகார்ப் பிரிவுக்குத்தான் போகும். செவ்வாய்தோறும் அங்கே போனேன். இந்தியாவிலிருந்து ஏதாவது? இல்லை. தபால் போக மூன்று வாரம், வர மூன்று வாரம் என்று கணக்குப் போட்டேன். டிசம்பரில் கணக்குத் தீர்ந்தது. ஜனவரியில், கடிதம் தொலைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். பிப்ரவரியில், மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு காலையில், மூன்றாவது சாத்தியத்தை முதல்முறையாக முழுசாக யோசித்தேன். கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆள்தான் இல்லை. சரோஜாவுக்கு வந்த அதே வாசகம், நீங்கள் வரவில்லை என்று, கரீமின் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அனுப்பியவன் இந்த முறையும் நான்.

தம்பிக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். அவன் அப்போது ஓசூரில் இருந்தான். ஆனாலும் விசாரித்துச் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. எது தெரியவில்லை என்று ஊரையெல்லாம் கேட்டவனுக்குத் தன் விஷயத்தில் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கீழே போய் வந்தேன். புகார்ப் பிரிவுப் பெண் என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவாள். நான் வாசலிலேயே திரும்பிவிடுவேன்.

8

மே மாதக் கடைசியில் ஓய்வுக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டேன், ஜூன் முடிய வேலை. ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, புகார்ப் பிரிவுப் பெண் தலையை ஆட்டவில்லை. ஒரு நீலநிற ஏர்மெயில் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது எந்த மொழி என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களுடையதா?"

கரீமின் கையெழுத்து பள்ளிக்கூடத்திலிருந்து மாறவில்லை. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அதை அப்படியே தருகிறேன்.

'மேனேஜர் அவர்களுக்கு. திருவண்ணாமலை மூக்குக்கண்ணாடிக் கடை அப்துல் கரீம் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்கு நான் வரவில்லை என்று கண்டிருந்தது. வாஸ்தவம். நான் வரவில்லை. அதில் உள்ள பிழைகளைக் கீழே காட்டியிருக்கிறேன். ஒன்று, என் வயது நாலு கம்மியாகப் போட்டிருக்கிறது. இரண்டு, பதினாலு நாளுக்குள் பதில் கேட்டிருக்கிறீர்கள். கடிதம் வந்து சேரவே பதினெட்டு நாள். மூன்று, கண்ணாடிக் கடைக்காரனைக் கண் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான்கு, கதவு நம்பர். இதற்கு மேலே மேனேஜர் படிக்க வேண்டாம். இதைப் படிக்கத் தெரிஞ்சவன் அங்கே ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட குடுங்க.

டேய் ஏகா. இந்த உலகத்துல என் கடைக்குப் பழைய நம்பர் பதினாலுன்னு எழுதறவன் நீ ஒருத்தன்தான். போஸ்ட்மேன் புது ஆளு, மூணு நாள் தெருத்தெருவா அலைஞ்சிட்டுக் குடுத்தான். நீ மூணு லெட்டர் போட்டே. மூணுலயும் ரூல் எழுதியிருந்தே. ரூல் சரின்னு எனக்கும் தெரியும்டா, அதுக்கு இன்னா பதில் எழுதறது? இந்த லெட்டர்ல ரூல் இல்லை. அன்னிக்கி சாயந்திரம் நீ வாயைத் தொறந்து சொல்லியிருக்க வேண்டிய நம்பர் மட்டும் இருக்குது. பதிமூணு வருஷம் ஜாஸ்தி எடுத்துக்கினே. நானும் ஏழு மாசம் டிராயர்ல போட்டு வெச்சிருந்தேன். உடனே எழுத மனசு வரலை. சிரிப்பு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு இருந்தேன். போன வாரம் வந்துது.

சரோஜாம்மாவைக் கேட்டதாச் சொல்லு. உன் கண்ணாடி டப்பாவுல இருக்குது. பவர் மாறிப் போயிருக்கும். வந்து பெஞ்சில குந்து. தெரியுதான்னு கேக்க மாட்டேன்.'

புகார்ப் பிரிவுப் பெண், என்ன புகார் என்று கேட்டாள். பதிவேட்டில் எழுத வேண்டுமே. முகவரியில் ஒரு பிழை, ஆனால் திருத்த வேண்டாம் என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். வெளியிலிருந்து வரும் புகாருக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அன்றே அனுப்பினேன். சரோஜாவைப் பற்றி இரண்டு வரி. விதி எதையும் எழுதவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மல்லிகா போனில் பேசினாள். வேறு நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம். கார்த்திகைக்கு ஊருக்குப் போகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றேன். எதற்கு என்று கேட்டாள். கண்ணாடி வாங்க என்றேன்.

"அப்பா, கண்ணாடிக்கு அவ்வளவு தூரமா? இங்கே கடையில் ஒரு மணி நேரத்தில் தருவார்களே."

"இது ரெடியாக இருக்கிறது," என்றேன்.

இப்போது மேஜையில் அந்தப் படிவம். சம்பளத்தை விட்டேன். பதவி உயர்வை விட்டேன். பாராட்டுக்கு எதிரே பேனா ஒரு கணம் நின்றது. மார்கரெட் என்னைப் பார்த்த அந்தப் பார்வையைப் பாராட்டில் சேர்ப்பதா என்று தெரியாமல் விட்டேன். தோழமைக்கு எதிரே நாற்பது பெயர்களும் நினைவுக்கு வந்தன. விதி ஏழு (இ) தடுத்தது. ஆறாவது கட்டத்தில் குறியிட்டேன்.

விளக்குவதற்கு அவர்கள் கொடுத்த இரண்டு வரியில் எனக்கு ஒன்று போதுமாயிருந்தது.

'1985 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை.'